பின்னால் இடிபட்ட பிறகு வரும் கழுத்து நோவு: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது பின்னால் வந்த வாகனம் இடித்தால், பம்பர் சற்று நெளிந்ததைத் தவிர வேறொன்றும் தெரியாததால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது நம்மவர் வழக்கம். மறுநாள் காலை வாகனத்தைப் பின்னெடுக்கத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க முயலும்போதுதான் கழுத்து அசைய மறுக்கும்.

இடிபட்ட கணத்தில் இருக்கை உடலை முன்னே தள்ள, தலை பின்தங்கிப் பிறகு முன்னே வீசப்படுவதால், கழுத்தின் தசைகளும் தசைநார்களும் இழுபடுகின்றன. விப்லாஷ் என்பது இந்தக் காயம்தான். வலி சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்தே தலைகாட்டலாம். பிடரியில் தொடங்கும் தலைவலி, தோள்பட்டைகளுக்கு இடையே நோவு, தலைச்சுற்று, தாடை வலி, காதிரைச்சல், நித்திரைக் குழப்பம் ஆகியவையும் இதன் அறிகுறிகளே. எக்ஸ்ரேயில் தசைக் காயம் தெரியாது என்பதால், அது சரியாக இருக்கிறது என்றவுடன் வலியைப் பொய்யென்று நினைக்க வேண்டியதில்லை.

கை கால்களில் விறைப்போ பலவீனமோ, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை, தொடர் வாந்தி, மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே 911ஐ அழையுங்கள். ஒட்டாவா மருத்துவர்கள் உருவாக்கிய கழுத்தெலும்புப் பரிசோதனை விதி, 65 வயதோ அதற்கு மேலோ ஆகியிருப்பதையே படம் எடுக்கப் போதுமான காரணமாகக் கொள்கிறது. ஆகவே, அம்மா அப்பாவுக்குக் கழுத்து நொந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆபத்தான காயம் இல்லையென்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு படுத்திருப்பதைவிட, மெல்ல அசைத்துப் பழகுவதே நல்லது. தெரிந்தவர் ஒருவரிடம் சுளுக்கு வழிக்கவோ நெட்டி முறிக்கவோ போவதை (அன்போடுதான் அழைப்பார்கள்) அறவே தவிர்க்கவும்.

காயம் ஏற்பட்ட விபத்தைப் பொலிஸாருக்கு அறிவிப்பது ஓட்டுநரின் சட்டக் கடமை. தவறு யாருடையதாக இருந்தாலும் காப்புறுதியில் சிகிச்சைச் செலவு கோரலாம். சொந்தக் காப்புறுதி இல்லாத பயணிகளுக்கும் இது பொருந்தும். விபத்து நடந்து 7 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து, அது அனுப்பும் ஓசிஎஃப்-1 (OCF-1) என்ற விண்ணப்பப் படிவத்தைக் கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பெரும்பாலான விப்லாஷ் காயங்கள் சிறு காயம் என்றே வகைப்படுத்தப்படுவதால், சிகிச்சைக்கான உச்சத் தொகை 3,500 டொலர். நிரப்பாத படிவத்தை யார் நீட்டினாலும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், அதில் கையெழுத்து வைக்காதீர்கள்.