தாத்தா பணியாற்றிய போர்க்காலக் காவல் கப்பலின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டுப் பரணில் தாத்தாவின் கடற்படைப் பணிச் சான்றிதழ் கிடைத்தால், மழைக்காலப் பூஞ்சை பிடிப்பதற்கு முன் அதை நிழலில் உலர்த்திப் படமெடுத்து, கப்பலின் பெயரையும் அதில் அவர் சேர்ந்த, விலகிய நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943இல் பணியில் சேர்ந்த கோதாவரி என்ற இந்தியக் கடற்படைக் கப்பல், பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குச் சென்று பெயர் மாறியது. 1983இல் வந்த கோதாவரி வேறு கப்பல். ஆகவே பக்கவாட்டில் எழுதப்பட்ட அடையாள எண்ணையும் தேடுங்கள். எடுத்துக்காட்டாக, அதே போரில் பணியாற்றிய பெங்கால் என்ற இந்தியக் கடற்படைக் கப்பலுக்கு அது ஜே 243.

லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏடிஎம் 199 (ADM 199) என்ற குறியீடு கொண்ட தொகுப்பில் போர்க்காலக் கடற்படை அறிக்கைகள் உள்ளன. சிறு கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் பல அழிக்கப்பட்டுவிட்டதால், இவ்வறிக்கைகளே பெரும்பாலும் கைகொடுக்கும்.

அறிக்கைகளை ஒப்பிட்டுப் படிப்பதே இப்பணியின் உயிர். 1942 நவம்பர் 11 அன்று, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகச் சென்ற பெங்கால், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்கொண்டது. அவற்றுள் ஹொகோகு மாரு மூழ்கியது. அதைத் தாக்கியது பெங்காலின் குண்டா, ஒண்டினாவின் குண்டா என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால், இரு தரப்புக் கூற்றுகளையும் அருகருகே எழுதி வையுங்கள்.