நீராவி இலவசம் அல்ல: மின் நிலையத்தோடு கடல்நீர் வடிப்பு ஆலையை மாடல் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின் நிலையத்தையும் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலையையும் சேர்த்து மாடல் செய்ய உட்காருபவர்களில் பலர், முன்னுரையிலேயே ஒரு வரியை எழுதிவிடுகிறார்கள்: ‘வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்துவதால் ஆற்றல் செலவு இல்லை.’ முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். கண்டென்சரில் 40 டிகிரியில் குளிரும் நீராவி உண்மையிலேயே வீண் வெப்பம்தான். ஆனால் எம்இடி (கடல்நீரைப் பல கலங்களில் அடுத்தடுத்து ஆவியாக்கி வடிக்கும் முறை) ஆலையின் முதல் எஃபெக்ட், அதாவது முதல் கலம், 70 டிகிரி அளவில் நீராவி கேட்கிறது. அதனால், டர்பைனில் இன்னும் விரிந்து வேலை செய்யவேண்டிய நீராவியைப் பாதியிலேயே வெளியே எடுக்கிறோம். அது கடைசிவரை விரிந்திருந்தால் கிடைத்திருக்கும் மின்சாரம்தான் அந்தத் தண்ணீரின் உண்மையான ஆற்றல் விலை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. வெப்பத்தை அப்படியே கிலோவாட் மணியாக மாற்றி, ஆர்ஓ (கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) ஆலையின் மின்சாரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் நன்னீருக்கு எம்இடியின் 81 கிலோவாட் மணி எங்கே, ஆர்ஓவின் 3 அல்லது 4 எங்கே என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். 70 டிகிரி வெப்பமும் மின்சாரமும் ஒரே தரம் அல்ல.

ஜிஓஆர் என்ற எண் ஏமாற்றுவதும் இங்கேதான். ஒரு கிலோ நீராவிக்கு எத்தனை கிலோ நன்னீர் என்பதே அதன் பொருள். அந்த நீராவி எந்த அழுத்தத்தில் வந்தது என்பதை அது சொல்லாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண எம்இடி, 70 டிகிரி நீராவி, ஜிஓஆர் 8: ஒரு கன மீட்டருக்குச் சுமார் 81 கிலோவாட் மணி வெப்பம். 40 டிகிரி கண்டென்சரை ஒப்பிட்டு கார்னோ காரணியால் (வெப்பத்தில் அதிகபட்சம் எவ்வளவு பங்கு வேலையாக மாறும் என்ற விகிதம்) பெருக்கினால், இழக்கும் மின்சாரம் அதிகபட்சம் 7 கிலோவாட் மணி. இப்போது வெப்ப அமுக்கி (அழுத்தம் கூடிய நீராவியைக் கொண்டு ஆலையின் ஆவியை இழுத்து அமுக்கி மறுபடி பயன்படுத்தும் கருவி) சேர்த்த ஆலை, 3 பார் நீராவி, ஜிஓஆர் 12: வெப்பம் 50 கிலோவாட் மணிக்கு இறங்குகிறது. ஆனால் அந்த நீராவி 133 டிகிரியில் இருப்பதால் இழக்கும் மின்சாரம் 11.5 ஆகிறது. ஜிஓஆர் ஏறியது, ஆனால் மின் நிலையத்துக்கு இழப்பு கூடியது! பம்புகளின் மின்சாரத்தை இரண்டிலும் தனியாகக் கூட்ட வேண்டும்.

அதற்காக எப்போதும் 70 டிகிரி நீராவியே சிறந்தது என்றும் எழுதிவிடாதீர்கள். 0.31 பாரில் ஒரு கிலோ நீராவி சுமார் 5 கன மீட்டர் இடம் பிடிக்கும். 3 பாரில் 0.6 போதும். குறைந்த அழுத்த நீராவியைத் தூரமாகக் கொண்டுபோக ராட்சதக் குழாய் வேண்டும். வழியில் ஏற்படும் அழுத்த இழப்பை மாடலில் சேர்க்காதவர்களே அதிகம்.

அடுத்தது கொதிநிலை உயர்வு. உப்பு நீர் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும். ஒரு டிகிரிக்கும் குறைவான வித்தியாசம் என்பதால் விட்டுவிடத் தோன்றும். 70 முதல் 40 டிகிரி வரை 12 எஃபெக்ட் வைத்தால் ஒன்றுக்குக் கிடைப்பது 2.5 டிகிரிதான். அதில் 0.7 டிகிரியைக் கொதிநிலை உயர்வு விழுங்கினால் மிச்சம் 1.8. அதே வெப்பத்தைக் கடத்த கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல் குழாய்ப் பரப்பு தேவை. துளி பிரிப்பானில் குறையும் அழுத்தமும், குழாய்களுக்குள் தேங்கும் காற்றும் இதற்குமேல். நல்ல தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறனைக் கடல்நீருக்குப் போடுவது சின்னத் தவறு. கொதிநிலை உயர்வை விடுவது அப்படி இல்லை.

என் பார்வையில் பகுதிச் சுமையை மறப்பதுதான் இவற்றில் மிக மோசமானது. வளைகுடா நாடுகளில் குளிர்காலம் வந்தால் ஏசி ஓடாது, மின் தேவை சரிந்துவிடும். தண்ணீர்த் தேவை அந்த அளவுக்குக் குறையாது. டர்பைன் பாதிச் சுமையில் ஓடினால், ஸ்டோடோலா விதிப்படி (டர்பைனில் பாயும் நீராவியின் அளவோடு அழுத்தமும் ஏறி இறங்கும் என்ற விதி), நீராவி எடுக்கும் இடத்தின் அழுத்தமும் ஏறக்குறையப் பாதியாகும். 3 பார் என்று நம்பி வடிவமைத்த வெப்ப அமுக்கிக்கு 1.5 பார்தான் வரும். அது வேலை செய்யாது. அழுத்தத்தை மாறிலியாக வைத்த மாடலோ தண்ணீர் தந்துகொண்டே இருக்கும்.

ஆப்டிமைசேஷன் நிரலுக்கு எல்லை வைக்காமல் விட்டால், அது உச்ச வெப்பநிலையை உயர்த்திக்கொண்டே போகும். சூடு ஏற ஏறக் கால்சியம் சல்பேட் கரைதிறன் குறைந்து குழாயில் படியும் என்பது அதற்குத் தெரியாது. எம்இடிக்கு 70 டிகிரி அளவிலும், எம்எஸ்எஃப்புக்கு (சூடான கடல்நீரை அழுத்தம் குறைந்த அறைகளில் படிப்படியாகத் திடீரென ஆவியாக்கும் முறை) 110 டிகிரி அளவிலும் நடைமுறையில் நிறுத்துவது இதனால்தான்.

சரிபார்ப்பு: ஆற்றல் சமன்பாடு சமனாவது நிரல் சரி என்பதைக் காட்டும், மாடல் சரி என்பதை அல்ல. வெப்பக் கடத்துக் குணகத்தை எந்தத் தரவைக் கொண்டு பொருத்தினீர்களோ, அதே தரவோடு ஒப்பிட்டால் வரைகோடு அழகாகத்தான் பொருந்தும். கோடையின் முழுச் சுமைத் தரவில் பொருத்திவிட்டு, குணகத்தைத் தொடாமல் குளிர்காலத்தின் பாதிச் சுமை நாள் ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.