ஒப்பந்தம் கைமாறும் முன் ஆய்வறிக்கை தயாராகட்டும்

அமெரிக்காவில் ஒரு வீட்டை உரிமையாளரிடம் விலை பேசி ஒப்பந்தமிட்டு, அந்த ஒப்பந்தத்தையே ஒரு கட்டணத்திற்கு வேறொரு முதலீட்டாளருக்கு மாற்றித் தரும் ஹோல்சேலிங் தொழிலில், வாங்குபவர் பெரும்பாலும் ரொக்கத்தில் வாங்குவதால், வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்க்கும் வாய்ப்பே இருப்பதில்லை. ஆகவே வீட்டின் நிலை குறித்து நீங்கள் தரும் தகவலே அந்த முதலீட்டாளருக்கு முதல் ஆதாரமாகிறது. உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கும்போதே, ஆய்வுக்கான கால அவகாசத்தையும், முதலீட்டாளரும் அவருடைய ஆய்வாளரும் வீட்டுக்குள் வந்து பார்க்க அனுமதி உண்டு என்பதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பின்னர் சார்பற்ற ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு கூரை, அடித்தளம், மின் இணைப்புகள் ஆகியவற்றைச் சோதியுங்கள். பழைய வீடென்றால், வீட்டிலிருந்து தெருவுக்குச் செல்லும் கழிவுநீர்க் குழாயினுள் கேமரா செலுத்திப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வழக்கமான ஆய்வில் இது பொதுவாகச் சேர்வதில்லை, ஆனால் மரவேர் புகுந்து உடைந்த குழாயை மாற்றும் செலவு வாங்குபவரின் கணக்கையே புரட்டிவிடக்கூடும். 1978-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு பற்றித் தெரிந்ததை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமே கூறுகிறது.

அறிக்கையைச் சுருக்காமல், குறைகளின் படங்களோடு, முதலீட்டாளரிடம் விலை பேசும் முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள்; பழுதுபார்ப்புச் செலவுக்கு உங்கள் ஊகத்தைவிட, உள்ளூர் கட்டட ஒப்பந்ததாரர் எழுத்தில் தரும் மதிப்பீட்டை இணைப்பதே நல்லது.