பழைய புடவையில் போர்வை தைக்கிறீர்களா? முதலில் கஞ்சி போடுங்கள்

பழைய நூல் புடவைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பதற்கு முன், சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்க ஆக்கி, புடவையை அதில் முக்கிப் பிழிந்து உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள். கத்தரி அப்புறம்தான். வெட்டிய பிறகு கஞ்சி போட்டால் துண்டுகள் கோணிக்கொள்ளும்.

பலமுறை துவைத்த நூல் துணி துவண்டு கிடக்கும். மெஷினில் கீழே உள்ள பல் அடித்துணியை இழுத்துப் போகும், மேலே அமுக்கும் பாதம் மேல்துணியைப் பிடித்து நிறுத்தும், அதனால்தான் ஓரம் சேராமல் சுருக்கம் விழுகிறது. கஞ்சி ஏறிய துணி விறைப்பாக நிற்பதால் இரண்டும் சேர்ந்தே நகரும். கூடத்தில் பரப்பி வைத்த துண்டுகள் ஃபேன் காற்றில் பறப்பதும் குறையும். லீவு முடியும்வரை அவற்றின் மேல் ஓடுகிற பிள்ளைகளுக்குத்தான் வழியில்லை.

தைத்து முடித்ததும் வெயில் இருக்கும்போதே அலசிக் காயப்போடுங்கள். கஞ்சியோடு மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சி வரும், நம் டெல்டாவின் ஐப்பசி மழையில் பூஞ்சையும் பிடிக்கும். அதனால் மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம்.

பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் இது சரிவராது. கூறைநாட்டுப் புடவையிலும் பட்டு கலந்திருக்கும், அதையும் விட்டுவிடுங்கள். உள்ளே இலவம்பஞ்சு வைப்பதாக இருந்தாலும் வேண்டாம், அலசினால் பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். நாலைந்து மடிப்பைக் கையால் தைப்பவர்களும் கஞ்சியைத் தவிர்க்கலாம், ஊசி இறங்காமல் விரல்தான் வலிக்கும்.