மேனேஜரில் இபிஏபிஎக்ஸ் பெட்டி தெரியவில்லையா? கேபிளில் இருந்து தொடங்குங்கள்

அலுவலகத் தொலைபேசி இணைப்பகமான இபிஏபிஎக்ஸ் பெட்டியை அமைக்க, லேப்டாப்பில் மேனேஜர் மென்பொருளைத் திறக்கிறீர்கள். ‘செலக்ட் ஐபி ஆஃபீஸ்’ சன்னல் வருகிறது, கொஞ்ச நேரம் தேடுகிறது, பட்டியல் காலி. உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தோன்றும். வேண்டாம். அரை மணி நேரம் வீணாகும், பட்டியல் அப்போதும் காலியாகவேதான் இருக்கும். கோளாறு அநேகமாக லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள வழியில்தான் இருக்கும். இங்கே அவயா ஐபி ஆஃபீஸ் 500 வி2 பெட்டியை வைத்துச் சொல்கிறேன். வேறு பெட்டியானால் எண்கள் மாறும், பார்க்கும் வரிசை மாறாது.

படி 1: கேபிள்

பெட்டியின் பின்பக்கம் ‘லேன்’, ‘வான்’ என்று இரண்டு போர்ட் இருக்கும். லேப்டாப்பை ‘லேன்’ போர்ட்டில் சொருகுங்கள். முன்பக்கத்து எக்ஸ்டென்ஷன் கார்டிலும் அச்சு அசலாக இதே போர்ட்டுகள்தான். முதல் நாள் நான் சொருகியது அங்கேதான்! அது போனுக்கானது, நெட்வொர்க் கிடையாது. லேப்டாப் போர்ட்டில் விளக்கு எரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: ஐபி முகவரி

முதலில் லேப்டாப்பின் வைஃபையையும் விபிஎன்னையும் அணைத்துவிடுங்கள். இரண்டு வழி திறந்திருந்தால் மேனேஜரின் தேடல் தப்பான வழியில் போய்விடும்.

தொழிற்சாலை அமைப்பில், அதாவது பெட்டி புதிதாக வரும்போது உள்ள அமைப்பில், லேன் முகவரி 192.168.42.1. ஆனால் ஒரு சிக்கல்: அந்த அமைப்பில் இருக்கும் பெட்டி, மின்சாரம் வந்ததும் நெட்வொர்க்கில் யாராவது முகவரி தருகிறார்களா என்று கேட்கும். ரௌட்டர் ஒரு எண்ணைக் கொடுத்தால் அதையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் 42.1 என்று தட்டிக்கொண்டே இருப்பீர்கள், பெட்டி வேறு எண்ணில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். யாருக்கு எந்த எண் கொடுத்தது என்று ரௌட்டர் வைத்திருக்கும் டிஎச்சிபி பட்டியலைப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

அப்புறம் கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக்’ கொடுத்து லேப்டாப்பின் எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், அதற்கு யாருமே முகவரி தரவில்லை என்று பொருள். நேரடியாகச் சொருகியிருந்தால் கையால் 192.168.42.203, மாஸ்க் 255.255.255.0 என்று போடுங்கள்.

படி 3: பிங்

அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் கட்டளை இது. கமாண்ட் பிராம்ப்டில் ‘பிங் 192.168.42.1’ கொடுங்கள் (பெட்டி வேறு எண் வாங்கியிருந்தால் அந்த எண்). பதில் வந்தால் கேபிளும் முகவரியும் சரி. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று உங்கள் லேப்டாப்பின் எண்ணிலிருந்தே பதில் வந்தால், அந்த முகவரியில் ஆளே இல்லை. படி 1-க்கே திரும்புங்கள்.

படி 4: தேடும் முகவரி

பிங் வருகிறது, பட்டியல் மட்டும் காலியா? சன்னலின் கீழே 255.255.255.255 என்று இருக்கும். அது அக்கம்பக்கத்துக்கு மட்டும் கேட்கும் கூப்பாடு, ரௌட்டரைத் தாண்டாது. அதை அழித்து, பெட்டியின் முகவரியையே எழுதி ‘ரிஃப்ரெஷ்’ அழுத்துங்கள்.

படி 5: ஃபயர்வால்

விண்டோஸ் ஃபயர்வாலில் மேனேஜருக்கு அனுமதி கொடுங்கள். நடுவில் அலுவலக ஃபயர்வால் இருந்தால், பெட்டியைக் கண்டுபிடிக்க டிசிபி போர்ட் 50802 (இது கேபிள் சொருகும் போர்ட் இல்லை, மென்பொருள் பேசும் வாசலின் எண்), அமைப்பைத் திறக்க 50804, மறைகுறியாக்கத்துடன் என்றால் 50805 ஆகியவை திறந்திருக்க வேண்டும். நெட்வொர்க் பார்ப்பவரிடம் ‘போர்ட்டைத் திறங்க’ என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது, எண்ணைச் சொல்லுங்கள்.

படி 6: திரும்பி வரும் வழி

வேறு தளத்தில், வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் வேறு பகுதியில்) உட்கார்ந்திருக்கிறீர்களா? நீங்கள் அனுப்பும் தகவல் பெட்டியைப் போய்ச் சேர்ந்தும், பதில் எந்தப் பக்கம் போவது என்று பெட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தால் வேலை செய்யும், உங்கள் மேசையிலிருந்து மட்டும் செய்யாது. இதற்கு அடையாளம் அதுதான். பக்கத்தில் இருந்தபடியே உள்ளே போய் ‘ஐபி ரூட்’ பகுதியில் கேட்வே (வேறு சப்நெட்டுக்குப் போகும் வாசலின் முகவரி) சரியா பாருங்கள்.

பெட்டி பட்டியலில் வந்து, கடவுச்சொல் தவறு என்றோ பதிப்பு பொருந்தவில்லை என்றோ சொன்னால் நெட்வொர்க்கை விட்டுவிடுங்கள், அது வேலை செய்கிறது. பெட்டியைவிடப் பழைய மேனேஜரால் அமைப்பைத் திறக்க முடியாது, புதியதை நிறுவுங்கள்.

வேலை முடிந்ததும் லேப்டாப்பின் ஐபியைத் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். நான் மறந்துபோய், மறுநாள் காலை இன்டர்நெட் வரவில்லை என்று ரௌட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.