மஞ்சள் சீட்டில் தொலையும் சொற்கள்: களஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் களஆய்வுக்கு வரும் வடிவமைப்பு மாணவர்களுக்குத் துணையாகச் செல்வது சில ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, ஆம் இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் கேட்கக் கூடாது என்பவற்றைக் கல்லூரியிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவற்றை இங்கே தொடப்போவதில்லை. மாணவனாக இருந்தபோது நானே செய்து, இன்று அவர்கள் செய்யும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கும் தவறுகள் மட்டுமே இவை.

கேட்ட சொல்லை அங்கேயே மொழிபெயர்த்துவிடுவது

கொழிஞ்சாம்பாறை இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி, மலைகள் மழையை மறைத்துவிடும் மழைமறைவு நிலம். தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, சித்தூர்ப் பாசனத்துக்காக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் எல்லையோர மணக்கடவு தடுப்பணையில் அளந்து விடப்பட வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் கடைமடை விவசாயிகளிடம் எங்கள் குழு பேசச் சென்றபோது, பெரியவர் ஒருவர், "தண்ணி வருதுங்க தம்பி, சொல்லிட்டுத்தான் வர்றதில்லை" என்றார். என் நோட்டில் நான் எழுதியது "வாட்டர் ஸ்கார்சிட்டி".

தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும் பேச்சை எந்த மொழியில் எழுதுவது என்று தெரியாமல், இரண்டுக்கும் பொதுவாக ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வது அப்போது நியாயமாகவே பட்டது. அன்றிரவு நோட்டில் இருந்தவற்றை மஞ்சள் ஒட்டுச் சீட்டுகளில் எழுதி, சுவரில் ஒட்டி இனம் பிரித்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் அதே இரண்டு சொற்கள் இருந்தன. இவ்வளவு பெரிய கொத்து கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்தோம். அத்தனை பேரையும் ஒரே குரலில் பேசவைத்தது எங்கள் பேனாதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கொத்திலிருந்து காரண விளைவுப் படம் வந்தது. படத்திலிருந்து, தோட்டத்துக்கு ஒன்றாகத் தார்ப்பாய் விரித்த சேமிப்புக் குட்டை வந்தது. அதற்கு மாதிரி செய்வதில் இரண்டு மாதங்கள் போயின.

மாதிரியைப் பார்த்த பெரியவர், குட்டை வெட்டினால் ஐந்து தென்னை போய்விடுமே என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். இரவில் ஷட்டர் தூக்கியது தெரியாமல் தூங்கிவிட்டால் முறைத் தண்ணீர் ஓடைக்குப் போய்விடுகிறது. அவர்களுக்கு வேண்டியது முன்னறிவிப்பு. அதற்கும் அவர்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது: ஷட்டர் ஏறியதும் மேல்மடையிலுள்ள டீக்கடைக்காரர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதுவும் எங்கள் நோட்டில் இல்லாமலில்லை. "கம்யூனிட்டி சப்போர்ட்" என்ற பெயரில், பக்கத்தில் சிரித்த முகம் ஒன்று வரையப்பட்டு, சுவரின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

சீட்டுகளை இப்படி இனம் பிரிக்கும் முறையை வகுத்த ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா நேபாளத்தில் களப்பணி செய்தவர். முன்கூட்டியே பெயரிட்ட பெட்டிகளில் சீட்டுகளைப் போடுவது அவருடைய முறையன்று; சீட்டுகளே தங்கள் கூட்டத்தைத் தேடிச் சேர வேண்டும். சீட்டில் பேசியவரின் சொல்லே இல்லையென்றால் அது எதைக் கொண்டு தேடும்?

கடந்த மாதம் மாணவி ஒருவர், ஏறக்குறைய அதே பதிலைக் கேட்டுவிட்டு, என் கண்முன்னே "வாட்டர் இஷ்யூ" என்று எழுதினார். சீட்டைப் பிடுங்கிக் கிழிக்கக் கை துறுதுறுத்தது. பேசியவரின் வாய்ச்சொல்லை, நடுவில் வரும் மலையாளச் சொற்களோடு, கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். யார், எங்கே, எப்போது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கம் சீட்டின் பின்புறத்தில் இருக்கட்டும்.

மாநில எல்லையைத் தடித்த கோடாக வரைவது

இங்கு வருகிற ஏறத்தாழ எல்லாக் குழுக்களும், யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது என்று காட்டும் படத்தின் நடுவே ஒரு கோட்டை இழுத்து, இடப்புறம் கேரளம், வலப்புறம் தமிழ்நாடு என்று எழுதிவிட்டுத்தான் ஆட்களை வரையத் தொடங்குகின்றன. தேங்காயைப் பொள்ளாச்சிக்கு அனுப்பிவிட்டு, நிலவரி கட்ட வில்லேஜ் ஆபீசுக்குப் போகிறவரின் நாளில் அந்தக் கோடு அங்கே இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் மலையாளப் படிவத்தை நிரப்ப ஆள் தேடுகிறாரே, எல்லை அவருக்குக் கோபாலபுரம் சோதனைச்சாவடியைவிட அந்த மேசையில்தான் அதிகம் தட்டுப்படுகிறது. கோட்டை எங்கே கண்டீர்களோ அங்கே வரையுங்கள்.

பெயரில்லாத அம்புக்குறி

என்ன போகிறது, யார் கொண்டுபோகிறார் என்று அம்பின் மேல் எழுத முடியவில்லையென்றால் அம்பை அழித்துவிடுங்கள்.

ஒரே நாளில் முடித்துக்கொள்வது

சந்தை நாளில் ஒரு முறை, சந்தை இல்லாத நாளில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

படத்தை அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டுவது

பளபளப்பான தாளில் வண்ணத்தில் அச்சான படத்தை நீட்டினால், "நல்லா இருக்குதுங்க" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. விருந்தாளியின் பலகாரத்தைக் குறை சொல்லக் கூடாது என்பது போன்ற மரியாதை அது. நாங்கள் இரண்டாம் முறை பென்சிலால் வரைந்த வாய்க்கால் படத்தைக் கயிற்றுக் கட்டிலில் விரித்துவைத்தோம். பெரியவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, டீக்கடைக்கும் தம் தோட்டத்துக்கும் நடுவே நாங்கள் பார்த்தேயிராத இன்னொரு மடையை வரைந்தார்.