ரப்பர் வண்டு கூரையேறும் முன்னால் செய்ய வேண்டியவை

கோடை மழை முதல் தடவை பெய்த அன்று சாயங்காலம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி வீடு இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், டியூப் லைட்டைப் போட்ட பத்து நிமிடத்தில் சுவர் கறுத்துப்போகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, ஓட்டு வீடு, மூன்று பக்கமும் ரப்பர். சுவரைக் கறுப்பாக்கும் அந்த வண்டை நாங்கள் ரப்பர் வண்டு என்போம். மலையாளத்தில் முப்ளி வண்டு, திருச்சூர்ப் பக்கத்து முப்ளி எஸ்டேட்டை வைத்து வந்த பெயர். ஓட்டெருமை என்றும் சொல்வார்கள், அதைக் கேட்டாலே ஓட்டுக்குள் படுத்துக் கிடக்கும் எருமைதான் எனக்கு ஞாபகம் வரும்.

கோழிக்கோடு தேவகிரி கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு வீட்டுக்குள் 5 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்கு மேலும் வரும். மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தால் ஒரு நாள் எங்கள் மச்சில் ஏறிப் பாருங்கள்.

இது எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. மார்கழி, தையில் ரப்பர் இலை உதிரும், அப்புறம் துளிர்க்கும்போது பூஞ்சை நோயில் இளம் இலையும் கொட்டும். அந்தச் சருகுக்கு அடியில்தான் இது தின்று, முட்டையிட்டுப் பெருகுகிறது. மழை விழுந்ததும் வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டமாகப் பறந்து வந்து, இருட்டான இடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து, எட்டு ஒன்பது மாதம் தின்னாமல் கொள்ளாமல் கிடக்கும். அரிசியைத் தொடாது, கடிக்காது, வீட்டுக்குள் குட்டி போடாது. ஆனால் சீண்டினால் ஒரு நீர் விடும் பாருங்கள், அந்த நாற்றமும் எரிச்சலும்! தூக்கத்தில் கழுத்துக்கடியில் ஒன்று நசுங்கி, மறுநாள் சூடு பட்ட மாதிரி சிவந்த கோடோடு நான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? மாசியிலேயே வீட்டைச் சுற்றியுள்ள சருகை வாரித் தள்ளிப் போடுங்கள். ஜன்னலுக்கும் வெண்டிலேட்டருக்கும் கொசுவலை அடியுங்கள், உடைந்த ஓட்டை மாற்றி, கழுக்கோல், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டை, சுவரில் உட்காரும் இடுக்கை அடைத்துவிடுங்கள். ஓட்டு வீட்டில் எல்லா இடுக்கையும் அடைக்க முடியாது, அதனால் வெளிச்சம்தான் முக்கியம். முதல் மழை நாட்களில் இருட்டும் முன்பே சமையலை முடித்து, வாசல் விளக்கை முழுசாக அணைத்துவிடுங்கள், உள்ளேயும் ஒரு அறையில் மட்டும், ஜன்னல் சாத்தி, மங்கலாக எரியட்டும். வீட்டிலிருந்து தள்ளி, தோட்டத்துப் பக்கமாக ஒரு பல்பைக் கட்டி, பின்னால் வெள்ளை வேட்டி, அடியில் சோப்புத் தண்ணீர் நிறைத்த அகலமான பாத்திரம். காலையில் பார்த்தால் கறுப்புக் கஞ்சி மாதிரி மிதக்கும். இதைத் தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன். நீங்கள் மட்டும் இருட்டில் உட்கார்ந்தால் அத்தனையும் பக்கத்து வீட்டுக்குப் போகும், அந்த அக்காவின் வாயை நான் இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன்.

உள்ளே வந்துவிட்டால் நசுக்காதீர்கள். கையுறையும் முழுக்கை சட்டையும் போட்டு, வாரியலால் மெதுவாகக் கூட்டி, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளுங்கள். கண்ணில் கை வைக்கக் கூடாது, தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் தெளித்துக் கொளுத்துகிறவர்களும் உண்டு. மரச் சட்டம் போட்ட கூரைக்குக் கீழே அதைச் செய்ய எப்படி மனசு வருகிறதோ. மச்சில் மருந்து அடிப்பதும் எனக்குச் சம்மதமில்லை, செத்த வண்டும் மருந்தும் சேர்ந்து கீழே சோற்றுத் தட்டில்தான் விழும்.

மச்சு இருந்தால் அடியில் தார்ப்பாய் கட்டுங்கள். படுக்கைக்கு மேலே கொசுவலை, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.